வாசிகசாலையின் பின்னறையில் சொன்னது

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். என் பேச்சை அவள் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள். ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் கதைத்தது அவர்கள் இல்லை, வேறு யாரோ என்று ஆகிவிடும்.

எழுத்து வராத நான் ஒரு வருஷத்துக்கு மேலாக வாசிகசாலைக்குப் போய்வந்தேன். புத்தூரில் அதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை. சந்திக் கடைக்காரர் என்னைக் கண்டால், "என்ன ஆச்சி, இண்டைக்குப் பேப்பரிலை என்ன புதினம்?" என்பார். "உன்ரை கடைத் தேங்காயிலை தண்ணி இல்லையாம், முதற் பக்கத்திலை போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு நடப்பேன். நடக்கும்போது முழங்கால் கடகடவென்று சத்தம் போடும். ஆனாலும் அந்த நடை எனக்குப் பிடித்திருந்தது. கிழமைக்கு ஒருநாள் எனக்கென்று ஒரு இடம் இருக்கிறது என்ற சந்தோஷம், வேறொன்றுமில்லை.

நான் போனது பேப்பர் வாசிக்க அல்ல. வாசிகசாலையின் பின்னறையில், கட்டிவைத்த பழைய பேப்பர்களுக்கும் உடைந்த கரம் பலகைக்கும் நடுவில், ஒரு மிஸ் வந்து இருப்பாள். மனசுக்கு மருந்து கொடுக்கிறவள். மருந்து என்றால் விழுங்குகிற குளிசை இல்லை, கதைதான். ஏதோ ஒரு நிறுவனம் அவளை ஊர் ஊராக அனுப்பியது. முப்பது வயது இருக்கும். எல்லாரும் மிஸ் என்றார்கள், நான் பிள்ளை என்றேன்.

என் மனுசன் செத்து சில மாதங்களில் எனக்கு ஒரு வருத்தம் வந்தது. சோற்றை அள்ளி முதல் வாய் வைக்கப் போனால் கை நடுங்கும். வாய்க்குள் போனாலும் தொண்டையில் நின்றுவிடும். இரண்டாம் வாய், மூன்றாம் வாய்க்குப் போனால் பிரச்சினை இல்லை. அந்த முதல் வாய்தான். பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள், தொண்டையில் ஒன்றுமில்லை என்றார்கள். அங்கிருந்த தாதி ஒருத்திதான் மிஸ்ஸிடம் போகச் சொன்னாள்.

ஏன் முதல் வாய் என்று எனக்குத் தெரியும். மிஸ்ஸுக்குச் சொல்லத்தான் நாளெடுத்தது. என் மனுசன் ஊருக்கு நல்ல மனுசன். வெங்காயம் நடுவதென்றால் அவர் பாத்தி கட்டுகிற அழகைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். அந்தச் செம்மண்ணில் அவர் வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் அவர் சொன்ன பக்கம்தான் போகும். சாப்பாட்டுக்கு முன்னால் இருந்தால் மட்டும் வேறு ஆள். உப்புக் குறைந்தாலும் சோற்றுக் கோப்பை பறக்கும், கூடினாலும் பறக்கும். அடுப்படியில், எங்கள் குசினிச் சுவரில் மஞ்சள் கறை. பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிப்போம், மாசிப்பனி முடிய முன்னம் கறை மறுபடி ஊறி வெளியே வந்துவிடும். கலியாணம் கட்டின நாளிலிருந்து அவர் போகும்வரை, அவர் வைக்கிற முதல் வாயைப் பார்த்துக்கொண்டு கதவடியில் நின்றவள் நான். இரண்டாம் வாய்க்குப் போனாரென்றால் நான் மூச்சு விடுவேன்.

இதையெல்லாம் சொல்ல முன்னம் மிஸ் எனக்கு ஒரு வாக்குத் தந்தாள். "இந்த அறைக்குள்ளை கதைக்கிறது இந்தக் கதவுக்கு வெளியிலை போகாது அம்மா," என்றாள். கதவு என்று சொன்னது ஒரு பலகை. கீழே கறையான் அரித்து, பூனை போய்வரும் ஓட்டை. நான் அந்த ஓட்டையைக் காட்டினேன். அவள் சிரித்தாள். "பூனையும் சொல்லாது," என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

பிறகு ஒருநாள் எட்டுச் செலவுக் கதையைச் சொன்னேன். ஆள் போன எட்டாம் நாள் அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் படைப்பது எங்கள் வழக்கம். மீன், முட்டை, சாராயம் எல்லாம் இருக்கும். அவருக்குக் கணவாய்க் கறி என்றால் உயிர். வந்த சனத்துக்குப் பெரிய சட்டியில் சமைத்தார்கள். அவருடைய இலைக்கென்று ஒரு சின்னச் சட்டியில் நான் தனியாகக் கணவாய் வைத்தேன். படைக்கிறதை ருசி பார்க்கக்கூடாது, கைக்கணக்கில்தான் உப்பு. கை உப்புச் சிரட்டைக்குப் போனது. அங்கேயே நின்றது. 'இண்டைக்கு எறியமாட்டியள்தானே' என்று மனசுக்குள் சொன்னேன். கையை எடுத்துவிட்டேன். உப்பில்லாமலே படைத்தேன்.

பிறகு அந்த இலையிலிருந்து எடுத்து வெளியே வைத்தோம். காகம் தொடவில்லை. வேலியில் வந்து இருந்தது, பார்த்தது, போனது. சனமெல்லாம் முகத்தை முகத்தைப் பார்த்தது. அவருடைய தங்கச்சி, என் மச்சாள், "அண்ணைக்கு என்ன குறையோ" என்று விழுந்து அழுதா. அந்தக் காகம் தொடாத கதை ஊரில் வெகுநாள் நின்றது. காகத்துக்கு உப்புத் தெரியுமோ என்று எனக்கு இன்னும் தெரியாது. அன்றைக்கு வளவு முழுக்கச் சாப்பாடு கிடந்தது, அதற்கு வயிறு நிறைந்திருக்கும்.

இதைக் கேட்டு மிஸ் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். நானும் சிரித்தேன். நாங்கள் சிரித்த சிரிப்பில் பின்னறைப் பல்லி விழுந்து ஓடியது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒரு கோப்பைச் சோறு சாப்பிட்டேன். கை நடுங்கவில்லை. அவள் எனக்கு நன்மை செய்தவள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நிறுவனத்தின் வேலை முடிகிறதென்று கோயில் மண்டபத்தில் ஒரு விழா வைத்தார்கள். முன்வரிசையில் இருக்கச் சொன்னார்கள், நல்ல சீலை உடுத்துக்கொண்டு போனேன். விளக்குக் கொளுத்தினார்கள். பெரிய ஆட்கள் பேசினார்கள், எனக்கு நித்திரை வந்தது. பிறகு மிஸ் மைக்கைப் பிடித்தாள். தங்கள் வேலை எவ்வளவு பலன் தந்தது என்பதற்கு ஒரு அம்மாவின் கதையைச் சொல்லப்போவதாகச் சொன்னாள். எனக்கு நித்திரை போய்விட்டது.

பேர் சொல்லவில்லை. கணவாயைச் சொன்னாள், சிரட்டையைச் சொன்னாள், வேலியில் இருந்த காகத்தைச் சொன்னாள். கடைசியில், "இண்டைக்கு எறியமாட்டியள்தானே" என்று என்னுடைய குரலிலேயே சொல்லிக்காட்டினாள். கிழவியின் இழுவை, மூக்கால் வருகிற சத்தம், எல்லாம் அப்படியே. மண்டபம் சிரித்தது. என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். படம் எடுத்தார்கள். பேர் சொல்லவில்லை, அதுவே போதும் என்று நினைத்தார்களோ என்னவோ. மேடையிலிருந்து பார்க்க, சிரிக்காத ஒரு முகம் தெரிந்தது. மச்சாளின் முகம்.

விழா முடிய மிஸ் நிறுவனத்து வான் வண்டியில் ஏறினாள். "சுகமாயிட்டியள் அம்மா, இனி நான் தேவையில்லை," என்று யன்னலால் கை காட்டினாள். அவ்வளவுதான். அடுத்த கிழமை பின்னறைக்குப் போனேன், பூட்டு. அவள் தந்த நம்பருக்கு மருமகள் அடித்துப் பார்த்தாள், பதில் இல்லை.

மச்சாள் வாசல் படலைக்கு வந்து நின்று ஒரு கதை கதைத்துவிட்டுப் போனா.

"என்ரை அண்ணையை உப்பில்லாமல் அனுப்பினனீங்கள் என்ன மச்சாள். இனி உங்கடை கையாலை அவருக்கு ஒண்டும் வேண்டாம். திவசத்தை நான் என்ரை வீட்டிலை பாக்கிறன்."

நான் படலையைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். அதைவிட நோகடித்தது மகன்தான். ஒரே பிள்ளை, அடுத்த ஒழுங்கையில் இருக்கிறான். தோட்டத்தால் வருகிற வழியில் என் குசினியில் குந்தியிருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். விழாவுக்குப் பிறகு அவன் வரவில்லை. மரக்கறியைப் படலையில் கொழுவிவிட்டுப் போனான். மருமகள் வந்து போனாள், அவனுக்கு வேலை என்றாள். திவசம் மாமி வீட்டில்தான், அதாவது என் மச்சாள் வீட்டில்தான் என்று அவளிடம்தான் சொல்லி அனுப்பினான். கைநடுக்கம் மறுபடி வந்தது. இந்த முறை முதல் வாய் மட்டுமில்லை, எல்லா வாயும் தொண்டையில் நின்றது.

திவசம் கிட்டக் கிட்ட எனக்கு ஒரு யோசினை. மகன் என் கையால் இனிச் சாப்பிடாமல் போனால் நான் யாருக்குச் சமைக்கிறது. அவனிடம் போய்க் கதைக்கலாம்தான். ஆனால் வாயைத் திறந்தால் அந்தக் கதை மிஸ்ஸின் குரலில்தான் வந்தது. என் குரலை அவள் எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி. அதைத் திருப்பி வாங்காமல் மகனிடம் போக முடியாது என்று பட்டது.

மிஸ் பட்டினத்தில் வேறொரு ஒபிசில் இருக்கிறாள் என்று அந்தத் தாதிதான் சொன்னாள். பஸ்ஸில் போனேன். பட்டினத்துக் கலியாணத்துக்குப் போகிற ஒரு கூட்டம், என் மடியில் ஒரு பூத்தட்டை வைத்துவிட்டது, இறங்கும்வரை எடுக்கவில்லை. முதல் தடவை போனபோது முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்றார்கள். சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த தடவை மிஸ் லீவு என்றார்கள். பிறகு போனபோது நான் ஒன்றும் கேட்கவில்லை, வாசல் கதிரையில் இருந்துகொண்டேன். வாசலில் இருந்த பெட்டை, "அம்மா, மிஸ்ஸுக்கு இண்டைக்கு நேரமில்லை" என்றாள். "எனக்கு இருக்குப் பிள்ளை," என்றேன்.

இருந்து இருந்து இடுப்பு விட்டுப்போனது. எதிர்ச் சுவரில் பெரிய படம் ஒன்று தொங்கியது. கண்ணாடி இல்லாமல் யாரென்று தெரியவில்லை. எழுந்து கிட்டப்போய்ப் பார்த்தேன். பொன்னாடையோடு நான். வாயைப் பிளந்துகொண்டு, நித்திரையால் எழும்பின கோழி மாதிரி.

மத்தியானம்போல மிஸ் வெளியே வந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது, பிறகு கொஞ்சம் சுருங்கியது. உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். நல்ல கதவு, ஓட்டை இல்லை.

"எப்பிடி அம்மா இருக்கிறியள்? எவ்வளவு நாள் கண்டு."

"பிள்ளை, நான் சண்டைக்கு வரேல்லை. சண்டை பிடிக்க எனக்குச் சத்துமில்லை. நீர் மைக்கிலை சொன்னனீரெல்லோ, அதைக் கதைக்க வந்தனான்."

"நான் உங்கடை பேரைச் சொல்லேல்லை அம்மா."

"காகத்தைச் சொன்னனீர். காகம் தொடாத எட்டு எங்கடை ஊரிலை ஒண்டுதான். பேர் எதுக்கு?"

அவள் மேசையைப் பார்த்தாள். "எனக்கு அது தெரியாமப் போச்சு அம்மா. உங்களைக் கேட்டிருக்கவேணும். ஆனா உங்களைப் பெருமைப்படுத்தத்தான், நல்ல நோக்கத்திலைதான்..."

"ஆனாவை விடும் பிள்ளை. நோக்கம் எல்லாருக்கும் நல்லதுதான். கோப்பையை எறிஞ்சுபோட்டு அந்தாளும் அதைத்தான் சொல்லுறவர். உன்ரை நன்மைக்குத்தான், சமையல் பழகவேணுமெல்லோ எண்டு."

சொன்ன பிறகு எனக்கே அந்தரமாக இருந்தது. படித்த பிள்ளை, என் பேத்தி வயசு இல்லாவிட்டாலும் மகள் வயசு. அவள் கண் கலங்கியது. முந்தி என்றால் நான் எழும்பிப்போய்த் தலையைத் தடவியிருப்பேன். அன்றைக்கு எழும்பவில்லை. கால் நோவும் ஒரு காரணம்.

"வேறை எங்கையும் சொன்னனீரோ?" என்று கேட்டேன்.

அவள் மேசையில் கிடந்த பேப்பரை அடுக்கினாள்.

"பயிற்சி வகுப்புகளிலை சொல்லியிருக்கிறன்."

"குரலையும் காட்டினனீரோ?"

"ஓம்," என்றாள்.

அந்த ஓம் எனக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கு அவள் சொன்னதில் முதல் உண்மை.

"நான் உங்கடை மகனிட்டை வந்து கதைக்கட்டோ அம்மா? இல்லாட்டி அது சும்மா நான் கட்டின கதை, உங்களைப் பற்றினது இல்லை எண்டு சொல்லுறன். எல்லாம் சரியாப் போயிடும்."

"வேண்டாம். இன்னும் ஒருக்கா அந்தக் கதையிலை கை வைக்காதையும். அது பொய்யில்லை. என்ரை. அவ்வளவுதான். பூனை கூடச் சொல்லேல்லை பிள்ளை, நீர் சொல்லிப்போட்டீர்."

அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, என்னைப் பார்த்து, "நான் செய்தது பிழை அம்மா," என்றாள். பின்னால் ஒரு ஆனா வருகிறதோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. "முடிச்ச விதமும் பிழை. வானுக்கை ஏறினாப்பிறகு உங்கடை முகம்தான் நினைவிலை நிண்டது. ஃபோன் எடுக்கப் பயந்தனான்."

"அந்தப் படத்தைக் கழட்டும்."

"அது நிறுவனத்தின்ரை படம் அம்மா. நான் மேலையிடத்திலை கேட்கவேணும்."

"அதிலை இருக்கிற முகம் ஆரின்ரை?"

அவள் எழுந்துபோனாள். வாசலில் கதிரை இழுக்கிற சத்தம் கேட்டது. படத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். சட்டம் கனத்தது, பஸ்ஸில் கொண்டுபோக முடியாது. படத்தை மட்டும் உருவித் தரச் சொன்னேன்.

"வேறையொரு மிஸ்ஸிட்டை உங்களை அனுப்பட்டோ? கைநடுக்கம் திரும்ப வந்திருக்கு, நான் பாத்தனான்."

"அதைப் பிறகு பாப்பம். நீர் மைக்கிலை முடிச்சுப்போட்டுப் போனனீர். அது முடிவில்லை. இப்ப நான் முடிக்கிறன்."

எங்கள் பக்கத்தில் போகும்போது போகிறேன் என்று சொல்லமாட்டோம். செத்த வீட்டைத் தவிர எங்கேயும் 'போட்டு வாறன்' என்றுதான். நான் எழுந்து, மேசையைப் பிடித்து நிமிர்ந்து, "போறன் பிள்ளை," என்றேன். அவளுக்கு விளங்கியது. வாசல்வரை வந்தாள். ஒழுங்கை முடியும்வரை அந்தச் சொல் என் வாயில் கைத்தது. சொன்னது சரிதான். ஆனாலும் கைத்தது.

திரும்புகிற பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது, நித்திரையாகிவிட்டேன். இறங்கினதும் வீட்டுக்குப் போகாமல் மகனிடம் போனேன். அவன் கொட்டிலில் வெங்காயம் கட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டு ஒரு சாக்கை விரித்தான். நானும் ஒரு பிடியை எடுத்து வெங்காயத் தாளை முறுக்கினேன். கையில் வேலை இருந்தால் வாய்க்குச் சுகம்.

"மண்டபத்திலை கேட்டாய். இப்ப என்ரை வாயாலை கேள்," என்றேன்.

சொன்னேன். என் குரலில்தான் வந்தது. அவன் ஒரு இடத்திலும் நிமிரவில்லை. சொல்லி முடிய, "அம்மா, உப்புப் போட மறந்துபோனன் எண்டு மாமிக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன். படையலை ருசி பாக்கிறேல்லைத்தானே. ஆர் கண்டது?" என்றான்.

"மறக்கேல்லையடா."

"தெரியும். சுவர்க் கறையைப் பாத்து வளந்தவன்தானே நான்." கட்டின பிடியை மறுபடி அவிழ்த்தான். "நான் வராமல் விட்டது அப்பான்ரை கதையாலை இல்லையம்மா. நான் மண்டபத்துக்குப் பின்னாலை நிண்டனான். சனத்தோடை சேந்து நானும் சிரிச்சுப்போட்டன். காகம் எண்டு சொல்லத்தான் ஆரெண்டு விளங்கினது. பிறகு எந்த முகத்தோடை உங்கடை குசினிக்கு வாறது?"

இவ்வளவு நாளும் அவன் என்னை வெறுக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெங்காயமா வேறொன்றா, இருவருக்கும் கண் எரிந்தது.

"என்ன சிரிச்சனி? அவள் என்ரை குரலைக் காட்டேக்கையோ?" என்று கேட்டேன்.

"ஓம்."

"நல்லாத்தான் காட்டினவள் என்ன," என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

திவசம் என் வீட்டில்தான் நடந்தது. மச்சாள் வரவில்லை. தன் வீட்டில் தானும் ஒரு இலை வைத்தாவாம். வைக்கட்டும், அவவுக்கு அண்ணை. எனக்கு அவவோடு கோபமில்லை, கோபிக்கிற அளவுக்கு உடம்பு இடம் தருவதுமில்லை. கத்தரிக்காய், பூசணி, வாழைக்காய், பருப்பு எல்லாம் வைத்தேன். கை சிரட்டைக்குப் போனது, எடுத்தது, போட்டது. வெளியே காகத்துக்கு வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். தொட்டதோ இல்லையோ, நான் நின்று பார்க்கவில்லை.

மகன் குசினியில் குந்தினான். கோப்பையை வைத்துவிட்டு நான் பழக்கத்தில் கதவடியில் போய் நின்றேன். அவன் முதல் வாயை அள்ளினவன் வைக்காமல் நிமிர்ந்தான்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? இருந்து சாப்பிடுங்கோவன்."

அவனுக்கு முன்னால் இருந்தேன். அள்ளினேன். கை நடுங்கியது, கொஞ்சம். அவன் பார்க்காத மாதிரி இருந்தான். வாயில் வைத்தேன், மென்றேன், மெல்ல இறங்கியது. பிறகுதான் ருசி தெரிந்தது. பருப்பில் உப்பு மட்டுமட்டு, ஒரு சிட்டிகை குறைவு.

"அந்தச் சிரட்டையை இஞ்சாலை தள்ளு," என்றேன்.